இரண்டாவது விசில்

சார், நான் ஏறும்போது ஜன்னல் ஓரம் நீங்கள்தானே உட்கார்ந்திருந்தீர்கள்? பஸ் புறப்பட்ட இடத்திலிருந்தே இந்த சீட்டுதானா? அப்படியென்றால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இப்போதே கேட்டால் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைப்பீர்கள். பெரம்பலூர் போய்ச் சேர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். முழுவதும் சொல்லிவிட்டுக் கேட்கிறேன். தெரிந்தால் தெரியும் என்று சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அவ்வளவுதான்.

என் பெயர் இளவழகன். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. பி.டி. சார் என்றால் பெரம்பலூரில் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு நர்சரி அண்ட் பிரைமரி பள்ளியில் பதினோரு வருஷம் வேலை. பள்ளியின் பெயர் வேண்டாம், திரும்பவும் அங்கேதான் போயாக வேண்டும். மார்ச் மாதத்திலிருந்து நான் அங்கே இல்லை. அவர்கள்தான் வரவேண்டாம் என்றார்கள். கடிதம் கொண்டுவந்தால் ஜூனில் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். அந்தக் கடிதத்துக்காகத்தான் இன்றைக்கு நெடுங்குடிக்காடு போனேன். ஒரு குழந்தையின் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். 'எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை.' ஒரே வரி. அவருக்குச் சிரமம் வேண்டாம் என்று நானே டைப் செய்து, பெயர், முகவரி எல்லாம் போட்டு, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு எடுத்துப்போனேன்.

ஒரு பி.டி. மாஸ்டருக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்கள்? விளையாட்டு சொல்லிக்கொடுப்பது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு போனேன். காலையில் கேட்டில் நிற்க வேண்டும். டை கட்டாதவனை, சாக்ஸ் போடாதவனைத் தனியாக நிறுத்த வேண்டும். சாயங்காலம் எந்த வேனில் எந்தப் பிள்ளை என்று பார்த்து ஏற்ற வேண்டும். ஏதாவது ஒரு மிஸ் லீவு போட்டால் அந்த வகுப்பில் போய் உட்கார வேண்டும். ஆண்டு விழாவுக்கு மைக் செட்காரனைக் கூப்பிடுவதுகூட நான்தான். பள்ளிக்கூடத்தில் இரண்டு பந்து இருக்கிறது சார். இரண்டும் ஹெச்.எம். மேடம் பீரோவில் இருக்கிறது. வெளியே எடுத்தால் காற்றுப் போய்விடும் என்பார்கள். உள்ளே இருந்தும் போய்விட்டது, அது வேறு விஷயம்.

ஒரு வகுப்புக்கு வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட். அதையும் விடமாட்டார்கள். கணக்கு மிஸ் வராந்தாவில் வந்து நிற்பார். "சார், போர்ஷன் முடியல. இன்னைக்கு மட்டும் குடுங்க. உங்களுக்கென்ன, விளையாட்டுதானே." நானும் கொடுத்துவிடுவேன். பிள்ளைகள் ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். முதல் இரண்டு வருஷம் அந்தப் பார்வை உறுத்தியது. அப்புறம் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன்.

எனக்குக் கிடைத்த பீரியடிலும் ஒரு தொல்லை இருந்தது. எங்கள் மைதானம் என்பது இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஒரு சந்து. நீளம் நாற்பது அடி வைத்தால் முடிந்துவிடும், அகலம் அதில் பாதி. அதில் முப்பது பிள்ளைகளை ஓடவிட்டால் கத்தாமல் என்ன செய்யும்? அஞ்சாம் வகுப்பில் பாடம் நடக்கவில்லை என்று புகார். ஹெச்.எம். எழுத்து மூலமாகவே கொடுத்தார். 'விளையாட்டு வேளையில் சத்தம் எழாமல் பார்த்துக்கொள்ளவும்.' அந்தத் தாளை இன்னும் வீட்டில் வைத்திருக்கிறேன். யாரிடம் காட்டினாலும் சிரிப்பார்கள். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. காலையில் எழுந்தால் ஷூ போடவே கை வராது.

அந்த நேரத்தில்தான் யோசனை வந்தது. அதுவும் இந்த மாதிரி ஒரு டவுன் பஸ்ஸில்தான். கண்டக்டர் ஒரு தடவை ஊதினால் வண்டி நிற்கிறது. இரண்டு தடவை ஊதினால் போகிறது. டிரைவர் திரும்பிப் பார்ப்பதில்லை, ஏன் என்று கேட்பதில்லை. இவ்வளவு பெரிய வண்டி, இவ்வளவு ஜனம், ஒரு சின்ன விசில். இதையே பிள்ளைகளுக்கு வைத்தால் என்ன என்று தோன்றியது. ஒரு விசில் ஊதினால் சிலை. எப்படி இருக்கிறாயோ அப்படியே நிற்க வேண்டும். இரண்டு விசில் ஊதினால் ஓடலாம்.

முதல் நாள் இருக்கிறதே சார், அதை மறக்க முடியாது. ஊதினேன். ஒருத்தன் ஏரோப்ளேன் மாதிரி நிற்கிறான். ஒருத்தன் சிக்ஸர் அடித்த கையோடு நிற்கிறான். ஒரு பெண் தோசை திருப்புகிற மாதிரி. நானும் ஒற்றைக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அப்புறம் எல்லோரும் சிரித்த சிரிப்பில் அஞ்சாம் வகுப்பு மிஸ் வெளியே வந்துவிட்டார்.

சிரிப்பும் சத்தம்தானே. அதனால் சிரித்தால் அவுட் என்று வைத்தேன். கோணல்மாணலாக நின்றால் சிரிப்பு வருகிறது, அதனால் அட்டென்ஷனில்தான் நிற்க வேண்டும் என்று வைத்தேன். ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. முதலில் ஒரு நிமிஷம். அப்புறம் இரண்டு, அப்புறம் ஐந்து. ஓடுவது குறைந்தது, நிற்பது கூடியது. அஞ்சாம் வகுப்பில் பாடம் நன்றாக நடந்தது.

யார் கூப்பிட்டாலும் நகரக்கூடாது என்பது அதற்கப்புறம் வைத்த விதி. மணி அடித்தாலும் நகரக்கூடாது. ஹெச்.எம். கூப்பிட்டாலும் நகரக்கூடாது. "உங்கம்மாவே வந்து கூப்பிட்டா?" என்று கேட்பேன். "நகர மாட்டோம் சார்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும். ஒரு நாள் ஹெச்.எம். மேடத்தையே வரச்சொல்லி, சாக்லேட் தருகிறேன் வாருங்கள் என்று கூப்பிடச் சொன்னேன். இரண்டு பேர் ஓடினார்கள். அந்த இரண்டு பேரையும் ஒரு வாரம் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார வைத்தேன். அடிக்கவில்லை. நான் பிள்ளைகளைத் தொட்டதே இல்லை, அதை யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் யாரும் நகரவில்லை.

அப்போதுதான் சார் எனக்கென்று ஒரு மரியாதை வந்தது. அதே கணக்கு மிஸ், "எப்படி சார் இதுங்கள அடக்குறீங்க?" என்று கேட்டார். தாளாளர் அறை மாடியில். அதன் ஜன்னல் இந்தச் சந்தைப் பார்த்து இருக்கும். அட்மிஷனுக்கு வருகிற பெற்றோர்களை ஜன்னலுக்குக் கூட்டிவந்து காட்ட ஆரம்பித்தார். நோட்டீஸில்கூட அந்தப் படம்தான். பிள்ளைகள் வரிசையாக நிற்கிற படம், கீழே 'ஒழுக்கம்' என்று பெரிய எழுத்தில். நான் படத்தில் இல்லை, விசில் ஊதிவிட்டு ஓரமாக நின்றிருந்தேன். ஆனாலும் வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். காலையில் ஷூ போடக் கை வந்தது.

சஷ்டிகா அப்போது மூன்றாம் வகுப்பு. அவள் அப்பாவிடம்தான் கையெழுத்துக்குப் போனேன். அவளைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை, சொன்னால் வருத்தமாக இருக்கும். வாசிப்பு வராது. எழுத்துக் கூட்டும்போது அடுத்த வரிக்குத் தாவிவிடுவாள். மிஸ்கள் அவளைக் கடைசி பெஞ்சில் வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள். ஆனால் சிலை என்று வந்தால் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கண் இமைப்பதுகூடத் தெரியாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டாள். ஒவ்வொரு வாரமும் முதலில் வருகிற பிள்ளையின் புறங்கையில் பச்சைப் பேனாவால் ஒரு நட்சத்திரம் வரைவேன். வாராவாரம் அவளுக்குத்தான். அவள் அம்மா ஒரு நாள் பள்ளிக்கு வந்தபோது சொன்னார்: "குளிக்கறப்ப அந்தக் கையை மட்டும் தண்ணி படாம தூக்கிப் பிடிச்சுக்கறா சார்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தப் பிள்ளைக்கு ஒன்றில் முதலிடம் கிடைத்தது. அதை யார் கொடுத்தது? நான்தான் கொடுத்தேன். இதையும் நீங்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் முதல் வாரம், செவ்வாய்க்கிழமை. மூன்றாம் வகுப்புக்கு பி.டி., நான்காவது பீரியட். பூங்கோதை ஆயா வந்து, மாடியில் யாரோ டாக்டர் தம்பதி இரண்டு பிள்ளைகளைச் சேர்க்க வந்திருக்கிறார்கள், கரஸ்பாண்டென்ட் ஐயா காட்டச் சொல்கிறார் என்றது. நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலில் மூன்று பேர் தெரிந்தார்கள். ஊதினேன். முப்பத்திரண்டு பேரும் நின்றார்கள். தாளாளர் மேலே வரச்சொல்லிக் கையைக் காட்டினார்.

போனேன். போய் வழக்கம்போல் கதவோரம் நின்றேன். "உட்காருங்க இளவழகன்" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார் சார். பதினோரு வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை, அவருக்கு என் பெயர் தெரியும் என்றே எனக்குத் தெரியாது. டீ வந்தது. பேப்பர் கப்பில் இல்லை, பீங்கான் கோப்பையில், அடியில் சாஸரோடு. அந்த டாக்டரம்மா, "எங்க பையன் ரெண்டு நிமிஷம் ஒரு இடத்துல இருக்க மாட்டான். நீங்க எப்படி சார் பண்றீங்க?" என்று கேட்டார். கேட்டால் சொல்ல வேண்டும் அல்லவா? பஸ் விசிலில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொள்ளாத குறையாகக் கேட்டார்கள். என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

கீழே பிள்ளைகள் நிற்பதை மறந்துவிட்டேன். விளக்கம் கேட்டபோது அப்படித்தான் எழுதிக்கொடுத்தேன். மறதி மனுஷனுக்கு வருவதுதானே.

குழாயடி ஓரத்தில் மண் எப்போதும் ஈரமாக இருக்கும். அங்கே செவ்வெறும்பு புற்று வைத்திருந்திருக்கிறது. சஷ்டிகா வரிசையில் ஓரம், குழாய்ப் பக்கம். ஊதின நேரத்தில் கால் எங்கே இருந்ததோ அங்கே நின்றுவிட்டாள். ஒரு காலை எடுத்து அடுத்த பக்கம் வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை.

பூங்கோதை ஆயா கக்கூஸ் கழுவிவிட்டு பக்கெட்டோடு அந்தப் பக்கம் வந்தபோது பார்த்திருக்கிறது. முழங்கால் வரைக்கும் எறும்பு. வெள்ளை சாக்ஸ் தெரியவில்லை. "வா கண்ணு, இந்தப் பக்கம் வா" என்று கத்தியிருக்கிறது. அவள் வரவில்லை. "எல்லாரும் உள்ள ஓடுங்க" என்று மற்ற பிள்ளைகளைப் பார்த்துக் கத்தியிருக்கிறது. ஒருத்தரும் ஓடவில்லை. அப்புறம் அதுவே பக்கெட்டைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கியிருக்கிறது. தூக்கியபோதும் கை இரண்டும் உடம்போடு ஒட்டித்தான் இருந்ததாம். வாயைத் திறக்காமல் அழுதாளாம். கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும்.

ஆயா போட்ட சத்தம் கேட்டுத்தான் நான் இறங்கி ஓடினேன். முதலில் இரண்டு விசில் ஊதினேன். அதற்கப்புறம்தான் மற்ற முப்பத்தொரு பேரும் அசைந்தார்கள். இருபத்திரண்டு நிமிஷம் சார். மார்ச் மாத வெயில். ஏழு வயசு, எட்டு வயசுப் பிள்ளைகள். ஒருத்தர் அசையவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இருபத்திரண்டு என்று எப்படித் தெரியும் என்றுதானே பார்க்கிறீர்கள்? மாடியில் எனக்கு நேர் எதிரே கடிகாரம். கடிகாரத்துக்குக் கீழேதான் ஜன்னல். நாற்காலியிலிருந்தே வரிசை முழுதும் தெரியும். ஓரத்தில் சஷ்டிகாவும் தெரிந்தாள். மற்ற நாளைவிட இன்றைக்கு இன்னும் விறைப்பாக நிற்கிறாளே என்று நினைத்தேன். வந்தவர்களுக்குக் காட்டவும் செய்தேன். "அந்தக் குழாய்கிட்ட நிக்கிற பொண்ணைப் பாருங்க" என்று. டாக்டரம்மா எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு, அற்புதம் என்றார்.

அந்த உயரத்திலிருந்து எறும்பு தெரியாது சார். யாருக்கும் தெரியாது.

ஐந்து நாள் ஆஸ்பத்திரி. விஷம் ஏறி வீங்கிவிட்டது, காய்ச்சல் வேறு. புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று. டி.சி. வாங்கிக்கொண்டு அவள் அம்மாவின் ஊரான நெடுங்குடிக்காட்டுக்கே போய்விட்டார்கள். பள்ளியில் என்னைக் கூப்பிட்டு அடையாள அட்டையைக் கேட்டார்கள், பீரோ சாவியைக் கேட்டார்கள், விசிலையும் கேட்டார்கள். விசில் நான் வாங்கியது. அதைச் சொல்லிப் பார்த்தேன். மேசையில் வையுங்கள் என்றார் தாளாளர். நின்றுகொண்டேதான் சொன்னார், என்னை உட்காரச் சொல்லவில்லை. வெளியே வரும்போது பூங்கோதை ஆயா துடைத்துக்கொண்டிருந்தது. "புள்ளைங்கள ஓட வெக்கத்தானே சார் உங்கள வெச்சிருந்தாங்க" என்றது. ஒரு ஆயா என்னைப் பார்த்துச் சொல்கிறது. அந்த நோட்டீஸ் இந்த வருஷமும் அதே படத்தோடுதான் வந்திருக்கிறது, பெரம்பலூரில் இறங்கினால் சுவரெல்லாம் பார்க்கலாம்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அப்பா வீட்டில் இருப்பார் என்று போனேன். தங்கதுரை என்று பெயர். டிப்பர் லாரி ஓட்டுகிறார். சண்டை போடுவார், சட்டையைப் பிடிப்பார் என்றெல்லாம் பயந்துகொண்டு போனேன். அப்படி ஒன்றும் இல்லை. "வாங்க சார்" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் மனைவி சத்தியகலா தண்ணீர் கொடுத்தார். பிள்ளை எங்கே என்றேன். பக்கத்துச் சந்தில் விளையாடுகிறாள் என்றார்கள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? விளையாடுகிறாள். அப்படியென்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதானே அர்த்தம்.

சத்தியகலாதான் மெதுவாகச் சொன்னார். குக்கரைப் பரண்மேல் போட்டுவிட்டாராம். முதல் விசில் வந்ததும் பிள்ளை வீட்டில் எங்கே இருந்தாலும் அப்படியே நின்றுவிடுகிறாளாம். அடுத்த விசில் வந்தால்தான் நகர்கிறாள். ஒரு நாள் ஒரு விசிலோடு கேஸ் தீர்ந்துபோய்விட்டது. அன்றைக்கு அவளை நகர்த்துவதற்குள் போதும் போதும் என்று ஆகிவிட்டதாம். இப்போது சோறு பானையில்தான். இந்த பஸ்ஸுக்கும் அப்படியே. ஒரு நாளைக்கு மூன்று நடை வருகிறது. வந்து நிற்கும்போது ஒரு விசில், நிற்கிறாள். போகும்போது இரண்டு விசில், ஓடுகிறாள். "பஸ்ஸு சீக்கிரம் எடுத்துடுவாங்க, அதனால பரவால்ல சார்" என்றார். குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. வீட்டில் ஒரு கதவு சரியாகச் சாத்தாது என்று சொல்வோமே, அந்த மாதிரி சொன்னார்.

கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். தங்கதுரை இரண்டு தடவை படித்தார். உதடு அசையப் படித்தார். "இதுல போட்டா வேலை திரும்பக் குடுத்துருவாங்களா?" என்றார். கொடுத்துவிடுவார்கள் என்றேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அவர் போட்டிருப்பார் சார். அந்த நிமிஷத்தில் போட்டிருப்பார்.

அந்த நேரம் பார்த்து அவள் வந்தாள். சந்தில் பாண்டிக் கட்டம் போட்டு ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒற்றைக் காலில் தாவித் தாவி, சிரித்துக்கொண்டே, வாசலுக்குள் வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள்.

நின்றுவிட்டாள்.

நான் ஊதவில்லை. ஊத என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு வார்த்தை பேசவில்லை. கையைத் தூக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள். பின்னால் வந்த பிள்ளைகள், "ஏய், உன் ஆட்டம்டி, வாடி" என்று கூப்பிடுகிறார்கள். அப்புறம் அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். நான், "சஷ்டிகா, போம்மா, போய் விளையாடு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, சட்டையைத்தான் பார்த்தாள். விசில் தொங்குமே, அந்த இடத்தை. முட்டிக்குக் கீழே புள்ளி புள்ளியாகத் தழும்பு.

தங்கதுரை கேட்டார்: "என்ன பண்ணா நகருவா சார்?"

"ரெண்டு விசில் ஊதணும்."

"ஊதுங்க."

"விசில் இல்லீங்க. ஸ்கூல்ல வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

"வாயால?"

எனக்கு வாயால் வராது சார். முயற்சி பண்ணினேன். காற்றுதான் வந்தது. அவர் ஊதிப் பார்த்தார், அவருக்கு வந்தது, அவள் அசையவில்லை. வாயால் ஊதினால் அது விசில் இல்லை, அப்பா கூப்பிடுவதுதான், எப்படி அசைவாள்? அப்பா கூப்பிட்டாலும் அம்மா கூப்பிட்டாலும் நகரக்கூடாது. நான் சொல்லிக்கொடுத்ததுதான். சத்தியகலா வந்து அவளைத் தூக்கினார். குடத்தைத் தூக்குகிற மாதிரி, மடக்கிய கால் மடக்கியபடி. நிலைப்படிக்கு உள்ளே நிழலில் சுவரோரம் இறக்கி வைத்தார். அங்கேயும் அப்படியே நின்றாள்.

"பஸ் எப்ப?" என்று மனைவியைக் கேட்டார் தங்கதுரை.

"பன்னெண்டே முக்கா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது. பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார். கடிதத்தை மடித்து அதையும் செருகிக்கொண்டார். "அவ நகரட்டும் சார். நகர்ந்தா போட்டு போன்ல அனுப்பறேன்" என்றார்.

நான் இருந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

"நீங்க இருந்தா நகர மாட்டா. பஸ் ஏறிருங்க."

கோபமாகச் சொல்லவில்லை சார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அவர்கள் வீடு ஸ்டாப்பிலிருந்து நாலாவது வீடு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், தகரக் கூரை போட்ட வாசல். கொஞ்சம் தள்ளி எதிரே புளியமரம், அதன் கீழேதான் பஸ் நிற்கிறது. முப்பத்தைந்து நிமிஷம் அங்கே நின்றேன். உட்காரக் கல் இருந்தது, உட்காரவில்லை. நிலைப்படிக்கு உள்ளே அவள் கை மட்டும் தெரிந்தது. புறங்கை. அதையே பார்த்துக்கொண்டு நானும் அசையாமல் நின்றேன். அசைந்தால் என்னவோ தப்பு மாதிரி இருந்தது. பைக்குள் அவளுக்கென்று வாங்கிப்போன ஸ்கிப்பிங் கயிறு இருக்கிறது. கொடுக்க மறந்துவிட்டேன். இது உண்மையிலேயே மறந்தது.

பஸ் வந்தது. வந்து நிற்கும்போது ஒரு விசில். அது எனக்கு நன்றாகக் கேட்டது, சத்தியமாகச் சொல்வேன். பின்படியில் ஏறினேன். ஒரு அம்மா சாக்கு மூட்டையோடு எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். நான் அந்த மூட்டையைத் தூக்கிவிட்டேன். யாரோ என் காலை மிதித்தார்கள். திரும்பி நின்று பார்த்தால் பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, புளியமரம் பின்னால் போய்விட்டது. இரண்டு விசில் கேட்டதா, கேட்கவில்லையா, எனக்கு நினைவே இல்லை. எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.

கண்டக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். டிக்கெட் கொடுக்கும்போதே கேட்டேன். "எங்கெங்க ஊதுனேன், எங்கெங்க தட்டுனேன்னு ஞாபகம் வெச்சுக்கிட்டா வண்டி ஓட்ட முடியும்?" என்றார். தப்பு சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை ஸ்டாப்.

போனில் இன்னும் எதுவும் வரவில்லை. இந்தப் பக்கம் டவர் சரியாக இருக்காது. நீங்கள் சற்று முன்னால் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தீர்களே, உங்களுக்கு டவர் இருக்கிறதா? இருக்கிறதா. சரி. என்னுடையது பழைய போன்.

இதைத்தான் சார் கேட்க நினைத்தேன். நீங்கள் இந்த ஜன்னலோரம், வீட்டுப் பக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தீர்கள். நெடுங்குடிக்காட்டில் பஸ்ஸை எடுக்கும்போது ஒரு சின்னப் பெண் வாசலுக்கு ஓடிவந்தாளா? நீலப் பாவாடை. பார்க்கவில்லையா. பரவாயில்லை, நீங்கள் எதற்குப் பார்க்கப் போகிறீர்கள். அப்போது விசிலாவது கேட்டீர்களா? நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், அவசரமில்லை. இரண்டு விசில் ஊதினாரா?

தட்டினாரா.

கையாலா? பஸ் பக்கவாட்டில், இரண்டு தட்டு. போலாம் போலாம் என்று சொன்னாரா. நிச்சயமாகத் தெரியுமா? உங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் தட்டினாரா. அப்படியென்றால் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

அடுத்த நடை நாலரை மணிக்கு.

இல்லை, ஒன்றுமில்லை சார். நீங்கள் ஏன் வருத்தப்படுகிறீர்கள். கேட்டதற்குப் பதில் சொன்னீர்கள், அவ்வளவுதானே. இது எந்த ஸ்டாப்? இங்கே இறங்கினால் திரும்பிப் போக வண்டி கிடைக்குமா? நடந்தால் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் இருக்கும் இல்லையா. இருங்கள், வண்டி நிற்கிறது. ஊதினார், கேட்டீர்களா? ஒன்று. இறங்குகிறவர்கள் இறங்குகிறார்கள். இறங்கலாம்தான். போய் மட்டும் நான் என்ன செய்யப்போகிறேன், என்னைப் பார்த்துத்தானே நின்றாள். அந்த மூட்டைக்கார அம்மாவும் இறங்கிவிட்டார்.

இதோ. இரண்டு.

நன்றாகத்தான் ஊதுகிறார் சார். இங்கே நன்றாகத்தான் ஊதுகிறார்.